அது அப்படித்தான், எழுதிக்கோ

மக்களே, இந்த முறை பட்ஜெட்டும் இல்லை, மெஸ் சாம்பாரும் இல்லை. திட்டப் போகிறேன். பொறுமை இருப்பவர்கள் மேலே படிக்கலாம்.

நான் படிப்பது பி.காம். சி.ஏ. (சி.ஏ. என்றதும் பையன் ஆடிட்டர் ஆகப்போகிறான் என்று சொந்தக்காரர்கள் பூரித்துப் போகிறார்கள். இது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். திருத்துவதை விட்டு ரொம்ப நாளாச்சு.) இந்த செமஸ்டரில் சி மொழியையும் யூனிக்ஸையும் வைத்து சிஸ்டம் புரோகிராமிங் என்று ஒரு விருப்பப் பாடம். பேங்க் பேலன்ஸ் காட்டும் புரோகிராமை எழுதுவதோடு நிற்காமல், அதற்கு அடியில் மெமரியும் ஆபரேட்டிங் சிஸ்டமும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று பார்க்கிற பாடம். அப்படித்தான் சிலபஸின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது. நம்பிச் சேர்ந்தோம்.

முதல் வாரத்திலேயே கேள்விகள் வந்தன. நாங்கள் காமர்ஸ்காரர்கள், தெரிந்த மாதிரி நடிக்கவேண்டிய அவசியம் இல்லை, அதனால் தாராளமாகவே கேட்டோம். மெயினுக்கு முன்னால் ஒரு புத்தகத்தில் வாய்ட் இருக்கிறது, இன்னொன்றில் இன்ட் இருக்கிறது, எது சரி? இன்ட் என்றால் அந்த எண்ணை யாரிடம் கொடுக்கிறது? ஸ்கேன்எஃப்-க்கு மட்டும் எதற்கு அந்த அண்ட் குறி, பிரிண்ட்எஃப்-க்கு ஏன் வேண்டாம்? இன்ட்டின் அளவு லேபில் 2 பைட் என்று வருகிறது, என் போனில் போட்டால் 4 என்று வருகிறதே? பத்துப் பெட்டி உள்ள அர்ரேயில் பதினொன்றாவது பெட்டியைக் கேட்டால் என்ன கிடைக்கும்?

கிடைத்த பதில்கள் மொத்தம் நாலு. "அது அப்படித்தான், எழுதிக்கோ." "இதெல்லாம் சிலபஸ்ல இல்லப்பா." "மூணாவது யூனிட்ல வரும்." கடைசியாக, பதினொன்றாவது பெட்டியைப் பற்றிக் கேட்ட தோழிக்கு, "உக்காரும்மா, இதெல்லாம் இன்ஜினியரிங் பசங்களுக்கு." வேறு ஊர்களில் படிக்கும் பள்ளி நண்பர்கள் மூன்று பேரிடம் விசாரித்தேன். அங்கேயும் இதே நாலு பதில்தான். யாரோ அச்சடித்து எல்லா காலேஜுக்கும் அனுப்பி வைத்திருக்கிறார்கள் போல.

என் கட்சி இதுதான்: அந்த முதல் வாரத்துக் கேள்விகள்தான் பாடமே. அவற்றைத் தள்ளிவிட்டு சிஸ்டம் புரோகிராமிங் நடத்துவது, பற்று என்றால் என்ன, வரவு என்றால் என்ன என்று சொல்லாமல் டேலியில் எந்த பட்டனை அமுக்கவேண்டும் என்று காட்டுவது மாதிரி. பையன் வேகமாக அமுக்குவான். கணக்கு எழுதத் தெரியாது.

சும்மா சொல்லவில்லை, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெயின் கொடுக்கும் அந்த எண், புரோகிராமைக் கூப்பிட்டவருக்குப் போகிறது. யூனிக்ஸில் பெரும்பாலும் அது ஷெல். புரோகிராம் முடிந்ததும் 'எக்கோ டாலர் கேள்விக்குறி' என்று அடித்தால் அந்த எண்ணைக் கண்ணால் பார்க்கலாம். பூஜ்யம் வந்தால் வேலை நல்லபடியாக முடிந்தது, வேறு எது வந்தாலும் கோளாறு. நல்லபடியாக முடிய ஒரு வழிதான், கெட்டுப்போகப் பல வழி, அதனால் அத்தனை எண்ணையும் கோளாறுகளுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். இது புரிய காமர்ஸ்காரனுக்கு அரை நிமிஷம் போதும். சலானும் பணமும் கொடுத்து ஆபீஸ் பையனை பேங்குக்கு அனுப்புகிறீர்கள். அவன் முத்திரை போட்ட அடிக்கட்டையோடு திரும்பி வரவேண்டாமா? வாய்ட் மெயின் என்று எழுதுவது, "போய்ட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடு, என்னாச்சுன்னு எனக்குச் சொல்லவேண்டாம்" என்பதுதான். 1989-ல் சி மொழிக்கு முதல் தர நிர்ணயம் வந்தபோதே மெயின் இன்ட்தான் என்று எழுதிவிட்டார்கள். எங்கள் ரெக்கார்டு நோட்டில் இன்றைக்கும் வாய்ட்.

'அதனால என்ன குடிமுழுகிப் போச்சு' என்று கேட்பீர்கள். சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம் ஒன்று, அது சரியாக முடிந்தால் மட்டும் பேங்குக்கு ஃபைல் அனுப்பும் புரோகிராம் இன்னொன்று. இரண்டாவது, முதலாவது கொடுத்த பூஜ்யத்தை நம்பித்தான் கிளம்பும். இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். யூனிக்ஸில் அந்த எண்ணின் கடைசி 8 பிட் மட்டும்தான் கூப்பிட்டவர் கைக்கு வழக்கமாகப் போய்ச் சேரும். 256 பிழை வந்தது என்று ஒரு புத்திசாலி 256-ஐத் திருப்பி அனுப்பினால், ஷெல்லுக்கு அது பூஜ்யமாகத் தெரியும். சுபம். பேங்குக்கு ஃபைல் போய்விட்டது.

அண்ட் குறிக்கு வருவோம். சி மொழியில் ஒரு ஃபங்ஷனுக்கு எதைக் கொடுத்தாலும் அதன் நகல்தான் போகும். பிரிண்ட்எஃப்-க்கு நகல் போதும், பார்த்துப் படிக்கத்தானே போகிறது. ஸ்கேன்எஃப் எழுத வேண்டியது. பேரேட்டுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து குமாஸ்தாவிடம் கொடுத்து, "இதில் பதிவு போடு" என்றால் அவர் ஜெராக்ஸில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பேரேடு பேரேடாகவே இருக்கும். அவருக்குக் கொடுக்க வேண்டியது பக்க எண். நாம் பதினோராம் வகுப்பிலிருந்து குறிப்பேட்டில் பே.ப.எ. என்று ஒரு கட்டம் போட்டு வருகிறோமே, அதேதான். அண்ட் குறி என்றால் பே.ப.எ. பாயிண்டர் என்றால் பே.ப.எ. எழுதி வைத்த துண்டுச் சீட்டு. பாயிண்டரைக் கண்டு நடுங்கும் என் வகுப்புத் தோழர்கள் மூன்று வருடமாக அதைத்தான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை. மூன்றாவது யூனிட்டில் வருமாம்.

இனி அந்த 2 பைட் விவகாரம். எங்கள் லேபில் ஓடுவது டர்போ சி++, 1990-களின் தொடக்கத்துச் சரக்கு, நாங்கள் யாரும் பிறக்காத காலம். இன்றைய விண்டோஸில் அது நேரடியாக ஓடாது என்பதால் டாஸ்பாக்ஸ் என்ற பெட்டிக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். நீலத் திரை, மஞ்சள் எழுத்து. அங்கே இன்ட் 16 பிட். அதில் அதிகபட்சம் 32,767 வரைதான் பிடிக்கும். ஒரு லட்சம் ரூபாயைப் போட்டுப் பாருங்கள். மைனஸ் 31,072 என்று காட்டும். அதாவது ஒரு லட்சம் டெபாசிட் போட்டவர் பேங்குக்கே முப்பத்தோராயிரம் பாக்கி. ஒரு காமர்ஸ் வகுப்பைக் கட்டிப்போட இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? முதல் நாளே இதைத் திரையில் போட்டுக் காட்டி, "ஏன்னு கண்டுபிடிங்க" என்று விட்டிருந்தால் கடைசி பெஞ்ச் வரை எழுந்து வந்திருக்கும். எங்களுக்குக் கிடைத்தது "டேட்டா டைப்ஸ், டெஃபனிஷன், ரெண்டு மார்க்".

போனில் வரும் 4 பைட்டும் முடிவில்லாத கஜானா அல்ல. 214 கோடி சொச்சத்தோடு நின்றுவிடும். யூனிக்ஸ் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிக் கணக்காக எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய சிஸ்டங்களுக்கு 2038 ஜனவரி 19-ஆம் தேதியோடு நாட்காட்டி முடிகிறது. புதிய சிஸ்டங்கள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன, சரி. ஆனால் இன்றைக்கு ஒருவர் 20 வருடத்துக்கு வீட்டுக் கடன் வாங்கினால் கடைசித் தவணைத் தேதி 2038-ஐத் தாண்டித்தானே விழும்? எங்கேயாவது மூலையில் ஒரு பழைய புரோகிராம் அந்தத் தேதியைப் போட்டுப் பார்க்கும்போது உதைக்கும். 2038 வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த மூலைகளில் வேலைக்குப் போகப்போகிறவர்கள் யார்? பேங்க், இன்ஷூரன்ஸ், ஆடிட் ஆபீஸ் என்று நாங்கள்தான்.

தசமப் புள்ளிக்குப் பின்னால் மிஞ்சுவது எங்கே போகிறது என்றும் ஒருவன் கேட்டான். (பதில்: சிலபஸ்.) பத்து பைசாவை, அதாவது 0.1-ஐ, பைனரியில் முழுதாக எழுத முடியாது, மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போகிற மாதிரி. அதனால்தான் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-தானா என்று டபுளில் கேட்டால் கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. மிஞ்சுவதைச் சரியாக ரவுண்டு செய்யாமல் வெட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் துறையிலேயே ஒரு கதை இருக்கிறது. கனடாவில் வான்கூவர் பங்குச்சந்தை 1982 ஜனவரியில் ஒரு புதிய குறியீட்டு எண்ணை 1000-ல் தொடங்கியது. ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் மறுகணக்கு போட்டு, மூன்று தசம இடத்துக்கு மேல் வந்ததை வெட்டிவிட்டார்கள். தினமும் ஆயிரக்கணக்கான முறை. 1983 நவம்பரில் பார்த்தால் குறியீடு 520 சொச்சத்தில் கிடக்கிறது. சந்தை ஒன்றும் சரியவில்லை, திருத்திக் கணக்கிட்டபோது ஆயிரத்துக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு தடவையும் காணாமல் போனது பைசாவில் ஒரு தூசு. 22 மாதத்தில் பாதிச் சந்தையைத் தின்றுவிட்டது. காமர்ஸ் பசங்களுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் கை தூக்கவும்.

நிற்க. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது பதினொன்றாவது பெட்டி விஷயத்தில்தான்.

சி மொழி எல்லையைப் பார்க்காது. பத்துப் பெட்டி கேட்டால் பத்துப் பெட்டிக்கு இடம் ஒதுக்கும். பதினொன்றாவதைக் கேட்டால் "அப்படி ஒன்று இல்லையே" என்று தானாகச் சொல்லாது. பக்கத்தில் எது கிடக்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கலாம், அதன் மேல் எழுதவும் விடலாம், புரோகிராம் செத்தும் போகலாம். எது நடக்கும் என்று உத்தரவாதமே இல்லை என்பதுதான் விடை. தோழி கேட்டது இதைத்தான். கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்ற பெயரில் உலகத்தில் நடந்திருக்கும் கூத்துகளில் எத்தனையோ இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

லேபில் பெயர் வாங்குவதற்கு 'கெட்ஸ்' என்று ஒரு ஃபங்ஷன் சொல்லித் தருகிறார்கள். பெட்டி எவ்வளவு பெரியது என்று அதனிடம் சொல்ல வழியே கிடையாது. நீங்கள் அடிக்க அடிக்க அது எழுதிக்கொண்டே போகும், அடுத்த வீட்டுச் சுவர் வரை. 1988 நவம்பர் 2-ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி மாணவர் விட்ட புழு ஒன்று இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான மெஷின்களைப் படுக்க வைத்தது. மாரிஸ் புழு என்று பெயர். அது உள்ளே நுழையப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சர்வீஸில் கெட்ஸ் போட்டுப் படித்த ஒரு 512 பைட் பெட்டி. கொஞ்சம் அதிகமாக அனுப்பினால் போதும், பெட்டி நிரம்பி வழிந்து, ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்பிப் போகவேண்டும் என்று எழுதி வைத்த விலாசத்தையே மாற்றிவிடும். மெஷின் திருடனின் வீட்டுக்குத் திரும்பிப் போகும். கடைசியில் 2011-ல் வந்த தர நிர்ணயத்தில் கெட்ஸை மொழியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். நம்ம ரெக்கார்டு நோட்டில் மட்டும் சௌகரியமாகக் குடியிருக்கிறது, வெளி எக்ஸாமினர் கையெழுத்தோடு.

இன்னொன்று, ஹார்ட்பிளீட். 2014 ஏப்ரலில் வெளியே தெரிந்தது. ஓபன்எஸ்எஸ்எல் என்பது உலகத்தில் பாதி வெப்சைட் பூட்டு போடப் பயன்படுத்தும் சரக்கு. அதில் ஒரு சின்ன ஏற்பாடு: "உயிரோடு இருக்கிறாயா? இந்த வார்த்தையைத் திருப்பிச் சொல், இத்தனை எழுத்து" என்று ஒரு மெஷின் கேட்கும், அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லும். ஒருவன் ஒரே ஒரு எழுத்தைக் கொடுத்துவிட்டு 64,000 எழுத்து என்று எழுதி நீட்டினான் என்று வையுங்கள். வாங்கியவர் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த ஒரு எழுத்தையும், மெமரியில் அதற்குப் பக்கத்தில் கிடந்த மீதியையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தார். அந்த மீதியில் யாருடைய பாஸ்வேர்டும் இருக்கலாம், பூட்டின் சாவியே இருக்கலாம். கவுன்ட்டரில் நோட்டுக் கட்டை எண்ணாமல் வாங்கும் கேஷியரை எத்தனை நாள் வேலையில் வைத்திருப்பார்கள்? இந்த ஓட்டை இரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. பதினொன்றாவது பெட்டியைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்று அந்த இடத்தில் யாரும் கேட்கவில்லை. எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். உட்காரச் சொன்னார்கள்.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுவிடுவோம். அறுபது பேர் வகுப்பு, அஞ்சு யூனிட், நடுவில் இன்டர்னல், கல்ச்சுரல்ஸ், மழை லீவு. நடத்துகிறவர் பல இடங்களில் தொகுப்பூதியத்தில் இருக்கிறார், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று அவருக்கே தெரியாது, போன வாரம்வரை வேறு பேப்பர் எடுத்தவரை இதற்குத் தள்ளியிருப்பார்கள். எல்லாம் நிஜம். அவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. "நல்ல கேள்விம்மா, எனக்கும் சரியா தெரியல, லேப்ல போட்டுப் பாப்போம்" என்று சொல்ல எந்த யூனிட்டும் குறையாது. போட்டுப் பார்க்க மூன்று வரி புரோகிராம், இரண்டு நிமிஷம். கேமிஸ்ட்ரிகாரனுக்காவது ஆசிட் தீர்ந்துபோகும். இங்கே தப்பாகப் போனால் டாஸ்பாக்ஸை மூடித் திறக்கவேண்டும், அவ்வளவுதான் செலவு. அதற்கும் மனசு வரவில்லை என்றால் காரணம் நேரம் இல்லாதது அல்ல. தெரியாது என்று மாணவன் முன்னால் சொல்வது கௌரவக் குறைச்சல் என்று யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள்.

நம் பக்கமும் யோக்கியம் கிடையாது. அந்தப் பெண் உட்கார்ந்தபோது சிரித்தது யார்? சார் சிரிக்கவில்லை. நாலாவது பெஞ்சிலிருந்து தொடங்கி கடைசி வரை ஒரு அலை போனது. அதற்கப்புறம் எழுந்த ஒரே கேள்வி, "சார், இது எத்தனை மார்க்குக்கு வரும்?" அதற்கு மட்டும் உடனே, விரிவாக, யூனிட் வாரியாகப் பதில் வந்தது. அறுபது பேரும் எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து வகுப்பு அமைதியோ அமைதி. ஒழுக்கமான வகுப்பு என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்கிறார்களாம் :-)

"இப்பதான் போன்ல ஏ.ஐ. இருக்கே, அதுகிட்ட கேட்டுக்க வேண்டியதுதானே" என்று ஒருவன் அறிவுரை சொன்னான். கேட்கலாம். நன்றாகவே சொல்கிறது, சில சமயம் நம்பிக்கையோடு தப்பாகவும் சொல்கிறது, அதனால் போட்டுப் பார்க்கும் வேலை அப்போதும் நம்முடையதுதான். ஆனால் அவன் அதனிடம் என்ன கேட்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். "கெட்ஸ் பயன்படுத்தி பெயர் வாங்கும் புரோகிராம், ரெக்கார்டு நோட்டுக்கு, வாய்ட் மெயின் வேண்டும்." முதல் வாரத்தில் அவனும் ஒரு கேள்வி கேட்டவன்தான். மிஞ்சும் தசமம் எங்கே போகிறது என்று கேட்டானே, அவன்.

என் வகுப்புக்காரர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், ஆகவே ஒரு காரியம். வியாழக்கிழமை லேப் முடிந்ததும் லைப்ரரி மாடியில் பிளக் பாயிண்ட் இருக்கும் மேஜையில் உட்காரப் போகிறோம். இரண்டு லேப்டாப், லினக்ஸ் போட்டது. இதுவரை மூன்று பேர். முதலில் போடப்போவது பத்துப் பெட்டி அர்ரே, பதினொன்றாவதில் என்ன வருகிறது என்று. பிறகு நூறாவது, பிறகு மைனஸ் ஒன்றாவது. என்ன வரும் என்று ஆளுக்கொரு சீட்டில் முன்கூட்டியே எழுதி மடித்து வைக்கவேண்டும், அதுதான் நுழைவுக் கட்டணம். நாலாவது பெஞ்சும் வரலாம். தோழி வருகிறாள், கேட்டுவிட்டேன்.